குறைவாகக் குடிக்கிற துணி

போன வருடம் கோவளத்தில் முதன்முதலாக சர்ஃபிங் பழகப் போனபோது வீட்டில் போடுகிற காட்டன் அரைக்கால் டிரவுசரோடு கடலில் இறங்கினேன். பத்து நிமிடத்தில் அது ஊறி, கனத்து, இடுப்பிலிருந்து நழுவ ஆரம்பித்தது. ஒரு கையில் பலகை, இன்னொரு கையில் மானம் என்று கரையேறினேன். என் பயிற்சியாளர் சிரிக்கக்கூட இல்லை, தினமும் பார்க்கிற காட்சி போலிருக்கிறது. "போர்டு ஷார்ட்ஸ் ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்றார், அவ்வளவுதான். சர்ஃபிங்குக்கென்றே தைக்கிற அரைக்கால் டிரவுசருக்குத்தான் அந்தப் பெயர்.

அடுத்த கோடைக்கு என்ன வாங்கலாம் என்று தேடினால் எல்லாக் கம்பெனியும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறது: குயிக் டிரை, அதாவது சீக்கிரம் காயும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இயற்பியல் வேறு கதை சொல்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஈரத் துணிகளை ஒரே கொடியில் போட்டால், இரண்டும் நன்றாக நனைந்திருக்கும்வரை, ஒரு நிமிடத்தில் இரண்டிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீர்தான் ஆவியாகும். வெயிலுக்கும் காற்றுக்கும் அது என்ன துணி என்று தெரியாது, மேலே தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அப்புறம் ஏன் ஒன்று முன்னால் காய்கிறது? அது குடித்ததே கொஞ்சம்தான். போர்டு ஷார்ட்ஸில் இருக்கிற தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி, துணியைக் குறைவாகக் குடிக்க வைப்பதற்காகத்தான்.

துணியில் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கும், இழைக்கு உள்ளேயும், இழைகளுக்கு நடுவேயும். ஆற்றில் குளித்துவிட்டுத் துண்டை முறுக்கிப் பிழிகிறோமே, அப்போது கொட்டுவது பெரும்பாலும் நடுவில் இருந்த தண்ணீர். எவ்வளவு பிழிந்தாலும் போகாமல் சில்லென்று இருக்கிறதே, அதில் நல்ல பங்கு இழைக்குள் புகுந்தது. பருத்தி என்பது செல்லுலோஸ், அதன் மூலக்கூறு நெடுகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் கைகள். காற்றில் இருக்கிற ஈரத்திலிருந்து மட்டுமே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 கிராம் அளவுக்கு. பாலியெஸ்டர் அரை கிராம்கூட இல்லை, அதன் இழைக்குள் தண்ணீருக்கு இடமே கிடையாது. போர்டு ஷார்ட்ஸ் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆனால் பாலியெஸ்டர் என்றாலே போதும் என்று நினைக்காதீர்கள். பாலியெஸ்டரில் நெய்த தடியான குளிர்காலப் போர்வையை வாளியில் முக்கிப் பாருங்கள், தூக்க இரண்டு ஆள் வேண்டும். அங்கே தண்ணீர் இழைகளின் இடுக்குகளில் நுண்துளைக் கவர்ச்சியால் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே சங்கதி. அதனால்தான் நல்ல போர்டு ஷார்ட்ஸ் துணி மெல்லியதாகவும் நெருக்கி நெய்ததாகவும் இருக்கும்.

அதற்கும் மேலே ஒரு பூச்சு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் அதன்மேல் இருக்கிற மெழுகும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களும். துளி மேடுகளின் உச்சியில் மட்டும் நின்று உருண்டு ஓடிவிடும். துணியில் இதைச் செய்யப் பல காலம் ஃபுளூரின் கலந்த ரசாயனங்களைத்தான் பூசினார்கள். அவை தண்ணீரை மட்டுமல்ல, எண்ணெயையும் தள்ளும், அதுதான் அவற்றின் பெரிய பலம். கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு லேசில் உடையாது, எனவே அந்தப் பொருள் மண்ணிலும் நீரிலும் அப்படியே தங்கிவிடும். கலிஃபோர்னியாவில் இவற்றை வேண்டுமென்றே சேர்த்த புதுத் துணிகளை விற்க 2025 ஜனவரி முதல் தடை. சர்ஃபிங் உடைகளுக்குப் பெரிய சந்தையே அங்கேதான், எனவே கம்பெனிகள் மெழுகு, சிலிக்கோன் வகைப் பூச்சுகளுக்கு மாறுகின்றன. இந்த சீசனின் நிஜமான மாற்றம் எது என்று கேட்டால் நிறம், பூப்போட்ட டிசைன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். புதுப் பூச்சுகள் தண்ணீரைத் தள்ளும், எண்ணெயிடம் தோற்றுவிடும். சர்ஃபிங் செய்கிறவரின் உடம்பு முழுக்க சன்ஸ்கிரீன், பலகை முழுக்கக் கால் வழுக்காமல் இருக்கத் தேய்த்த மெழுகு. இவை படிந்த இடத்தில் பூச்சு வேலை செய்யாது. ஆகவே நல்ல தண்ணீரில் மிதமான சோப்பு போட்டு அலசுங்கள். உப்புக்காகவும் அலச வேண்டும். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும், அதனால்தான் கடலில் நனைந்து காய்ந்த துணி சாயங்காலம் மறுபடி பிசுபிசுக்கிறது.

வடிவத்துக்கு வருவோம். 1950களில் கலிஃபோர்னியாவில் கேட்டின் தம்பதி படகு மூடும் கேன்வாஸ் உறைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அலையில் கிழியாத டிரவுசர் வேண்டும் என்று வந்த இளைஞர்களுக்கு அதே கேன்வாஸில் தைத்துக் கொடுத்தார்கள். உழைக்கும், ஆனால் விறைப்பு! இன்றைய துணியில் ஸ்பான்டெக்ஸ் என்கிற இழுபடும் செயற்கை இழையைக் கொஞ்சம் கலக்கிறார்கள். 1958-ல் டூபான்ட் என்ற அமெரிக்க ரசாயனக் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்தது. அதன் மூலக்கூறில் சுருண்டு கிடக்கும் பகுதி இழுத்தால் நிமிரும், விட்டால் சுருளும். பலகையில் குப்புறப் படுத்திருப்பவர் கண்ணிமைப்பில் எழுந்து காலை அகட்டி நிற்க இந்த இழுவை தேவை. முன்பெல்லாம் அகலமாகவும் முழங்காலுக்குக் கீழேயும் தைத்ததைப் போல இப்போது தைப்பதில்லை. நீளம் முழங்காலுக்கு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது, துணி குறைந்தால் அது சுமக்கிற தண்ணீரும் குறையும் என்பதால் எனக்கு இந்த ஃபேஷனில் புகார் இல்லை. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த மாடல்களும் நிறைய வருகின்றன. கரையில் உட்கார்ந்து இளநீர் குடிக்க அருமை. பெரிய அலை அடித்தால் என் பழைய கதைதான், எனவே இழுத்துக் கட்டுகிற நாடாவைத்தான் நம்புவேன்.

மேலே என்ன போடுவது? வெள்ளைக் காட்டன் பனியனோடு இறங்குகிறவர்கள் நம் கடற்கரைகளில் அதிகம். நனைந்ததும் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுக்குகளில் தண்ணீர் நிறைந்ததும் ஒளி சிதறுவது குறைகிறது, அதோடு புற ஊதாக் கதிரும் கூடுதலாக உள்ளே வருகிறது. பாலியெஸ்டரில் இருக்கும் பென்சீன் வளையங்கள் அந்தக் கதிரில் ஒரு பங்கைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். ரேஷ் கார்டு என்கிற, உடம்போடு ஒட்டிய முழுக்கைக் கடல் சட்டைகளில் யு.பி.எஃப் (புற ஊதாப் பாதுகாப்பு அளவு) 50 என்று போட்டிருந்தால், ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே போகும் என்று அர்த்தம். வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு பக்கமும் நன்றாக இழுத்துப் பாருங்கள். உடம்பில் ஏறியபிறகு அது இழுபட்டுத்தான் இருக்கப்போகிறது, அப்போது திறக்கிற ஓட்டைகள் கடையிலேயே தெரிந்துவிடும்.