ஸ்டென்ட் வைத்த பிறகு இதயத் தசை எப்போது தேறும்?

"அடைப்பை எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், அப்புறம் ஏன் 35 சதவீதம்னு போட்டிருக்கு?"

மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, அதாவது அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்த மறுநாள், எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு வரும் குடும்பத்தார் அனேகமாக இதைத்தான் கேட்பார்கள். அழுதுகொண்டே கேட்டவர்களும் உண்டு.

அந்த எண்ணை இ.எஃப். என்போம். இதயத்தின் இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு. நல்ல இதயத்துக்கே அது ஏறக்குறைய 55 முதல் 70 வரைதான். ஆகவே 35 என்றதும் மீதி 65 சதவீத இதயம் போய்விட்டதாக நினைத்துக் கலங்க வேண்டாம்.

குழாய் திறந்ததும் ரத்தம் பாய்ந்துவிடும். தசை எழுந்திருக்க நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். செல்கள் உயிரோடுதான் இருக்கும், ஆனால் சுருங்காது. 1982-இல் பிரான்வால்ட், குளோனர் என்ற இரு இதய மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டன்னிங்' என்று பெயர் வைத்தார்கள். நான் நோயாளிகளிடம் 'மலைத்துப்போன தசை' என்பேன். சிக்கல் என்னவென்றால், மறுநாள் எக்கோவில் மலைத்த தசையும் செத்த தசையும் ஒரே மாதிரி அசையாமல் கிடக்கும். அதை மட்டும் பார்த்து எது தேறும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் குறைந்த ரத்தத்தில் காலம் தள்ளிய தசை என்றால், தேறவும் மாதங்கள் ஆகலாம்.

பிரித்தறிய வழி இருக்கிறது. இதயத்தைத் தூண்டும் டோபுடமைன் மருந்தைச் சிறிய அளவில் ஏற்றி எக்கோ பார்க்கும்போது தசை சுருங்கத் தொடங்கினால், உயிர் இருக்கிறது. காடோலினியம் என்ற ஸ்கேன் சாயத்தைச் செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐயில் தழும்பு வெள்ளையாகத் தெரியும். சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் தழும்பு என்றால் அந்த இடம் தேறும் வாய்ப்பு குறைவு. இவை எல்லோருக்கும் தேவைப்படாது. பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் மறுபடி எடுக்கும் எக்கோ போதும். திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐசிடி கருவி வேண்டுமா என்பதைக்கூட, மாரடைப்புக்குப் பின் குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் வைத்திருந்தால் வழக்கமாக 3 மாதம் பொறுத்துத்தான் முடிவு செய்கிறோம்.

எனக்கு வருத்தம் தருவது, உடம்பு நன்றாக இருக்கிறது என்று அந்த இரண்டாவது எக்கோவுக்கு வராமலே இருந்துவிடுவதுதான். சிலர் மாத்திரைகளையும் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட்டை அடைபடாமல் காப்பதும், இதயம் வீங்கிப் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வதும் அந்த மாத்திரைகள்தான்.

வரும்போது முதல் ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள், ஒப்பிட வேண்டும். இடையில் படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள்.