ஊசி போடாத பெட்டி

போன மாதம் ஒரு பயிற்சிக் குறிப்பைத் திருத்தித் தரும்படி கேட்டு அனுப்பியிருந்தார்கள். மேடை ஒலியமைப்பு பழகும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: ‘பேஸ் கிதாரின் கம்பியை நேரடி ஊசிப் பெட்டியில் செருகவும்.’ கிதாரின் கம்பி என்றால் தந்தியா, கேபிளா என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊசிப் பெட்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது, எங்கள் ஊர்க் கம்பவுண்டர் ஊசியைப் போட்டுக் கொதிக்கவைக்கும் எவர்சில்வர் டப்பாதான். இதே சொல்லை இதற்கு முன் இரண்டு இடங்களில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்றாம் தடவை முடியவில்லை.

மைக்செட்காரர்கள் இதை டி.ஐ. பாக்ஸ் என்பார்கள். அவசரத்தில் வெறும் டி.ஐ. கிதார் போன்ற கருவிக்கும், எல்லா ஓசையையும் கலக்கும் மிக்ஸருக்கும் நடுவே வைக்கிற, உள்ளங்கையில் அடங்கும் இரும்புப் பெட்டி; பெரும்பாலும் கறுப்பு. ஒரு பக்கம் கிதார் ஜாக் செருக இரண்டு துளைகள், மறுபக்கம் மூன்று முள் கொண்ட கேனன் வாய், நடுவே ஒன்றிரண்டு குட்டி சுவிட்சுகள். டி.ஐ. என்பதன் விரிவு என்ன என்பதில் ஆங்கிலக்காரர்களுக்கே ஒற்றுமை இல்லை. டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பார் ஒருவர், டைரக்ட் இன்புட் என்பார் மற்றொருவர், டைரக்ட் இன்டர்ஃபேஸ் என்பாரும் உண்டு. டைரக்ட் என்பது லத்தீனில் ‘நேராக்கப்பட்டது’. இன்ஜெக்ட் என்பது ‘உள்ளே எறி’. பாக்ஸ் ஒரு மரத்தின் பெயரிலிருந்து வந்தது. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும். வேரைத் தோண்டியதால்தான் இந்த ஊசியே வந்து குத்தியிருக்கிறது.

எதற்கு ‘நேரடி’ என்றார்கள் என்பதுதான் விஷயம். மின் கிதாரின் ஓசையைப் பதிவு செய்ய முன்பெல்லாம் வழக்கமான வழி ஒன்றுதான். கிதாரை ஆம்ப்ளிஃபயரில் செருகு, அதன் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வை. 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் சிறிய ஸ்டுடியோவில் பத்துப் பன்னிரண்டு வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ஆம்ப் வைத்தால் ஒருவர் ஓசை மற்றவர் மைக்கில் புகும். ஆகவே அங்கே வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிதார் போன்றவற்றை ஆம்பும் மைக்கும் இல்லாமலே பதிவு மேசைக்குக் கொண்டுபோனார்கள். லண்டன் அபி ரோட் ஸ்டுடியோவில் 1967-இல் பீட்டில்ஸ் குழுவுக்குப் பால் மெக்கார்ட்னியின் பேஸையும் இப்படிச் சேர்த்ததாக அங்கிருந்த பொறியாளர் கென் டவுன்சென்ட் சொல்லியிருக்கிறார். அவர்கள் இதை டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றார்கள். அதைக் கேட்ட அந்தக் குழுவின் பாடகர் ஜான் லெனன், தம் குரலையும் அப்படியே உள்ளே செலுத்த முடியுமா என்று கேட்டாராம். தாராளமாக, ஆனால் முதலில் ஆபரேஷன் செய்து கழுத்தில் ஜாக் செருகவேண்டும் என்றாராம் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். பெயர் சூட்டியவர்களுக்கே அந்த ஊசி அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. நம் மொழிபெயர்ப்பாளர் வேடிக்கையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஆக, டைரக்ட் என்ற சொல் பெட்டி செய்யும் வேலையைச் சொல்லவில்லை. வழியில் எதை விட்டுவிட்டார்கள் என்பதைச் சொல்கிறது. ஆம்பையும் மைக்கையும் விட்டார்கள், ஆகவே நேரடி. உண்மையில் இந்தப் பெட்டியை வைப்பதே, நேரடியாகச் செருகினால் காரியம் கெடும் என்பதால்தான்.

எப்படிக் கெடும்? கிதாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். அதன் இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, சாதாரணமாகவே பல ஆயிரம் ஓம். உயர்ந்த சுரங்களில் இன்னும் ஏறும். மிக்ஸரின் மைக் வாயோ 1,500 ஓம், 2,000 ஓம் அளவில்தான் இருக்கும். மெலிந்த குழாயில் வரும் தண்ணீரைப் பெரிய மதகு திறந்து இழுத்தது போல, சமிக்ஞை அங்கேயே படுத்துவிடும். முதலில் போவது கிதாரின் பளபளப்பு. வீணையிலும் வயலினிலும் ஒட்டுகிற, அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ பிக்கப்புக்கு இன்னும் மோசம். அதைச் செருகும் வாயில் பத்து லட்சம் ஓம் இருந்தால்தான் அடிநாதம் நிற்கும், இல்லாவிட்டால் தகரத்தைத் தட்டியது போல் கேட்கும். இதோடு மேடையிலிருந்து மிக்ஸர் வரை முப்பது நாற்பது மீட்டர் கிதார் கேபிளை இழுத்தால், வழியிலுள்ள டிம்மர் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் அது வாரிக்கொண்டு வரும்.

டி.ஐ. இடையில் உட்கார்ந்து இதைச் சரிசெய்கிறது. எளிய வகையில் உள்ளே இருப்பது ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே. ஒரு பக்கச் சுற்று மறுபக்கத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு என்றால், இம்பீடன்ஸ் பன்னிரண்டின் வர்க்கமாக, 144 மடங்காக மாறித் தெரியும். மிக்ஸரின் 1,500 ஓம் கிதாரின் கண்ணுக்கு 2,16,000 ஓம். கிதார் நிம்மதியாக மூச்சுவிடும். வெளியேறும் பக்கம் ஒரே சமிக்ஞை இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிராகப் போகிறது. வழியில் ஏறும் உறுமல் இரண்டிலும் ஒன்றுபோல் ஏறுவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது உறுமல் அடிபட்டுப் போகும். பீசோவுக்கு இந்த டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதாது. மின்சாரம் கொடுத்து இயங்கும் ஆக்டிவ் வகை வேண்டும்.

இப்போது ‘நேரடிப் பெட்டி’க்கு வருகிறேன். ஊசியை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று பயிற்சிக் குறிப்பை அனுப்பியவர் கேட்டார். கேட்டவர் நல்ல மனிதர். ஆனால் நேரடி என்ற சொல்லுக்கு ஒலித்துறையில் ஏற்கெனவே வேலை அதிகம். நேரடி ஒளிபரப்பு என்றால் நடக்கும்போதே காட்டுவது. நேரடி ஒலிப்பதிவு என்றால் டப்பிங் இல்லாமல் படப்பிடிப்பிலேயே குரலைப் பிடிப்பது. நேரடி இசை என்றால் மேடையில் ஆள் வாசிப்பது. நேரடி வரி, நேரடி நெல் விதைப்பு என்று வெளியிலும் அதற்குக் குடும்பம் பெரிது. இத்தனை பேரோடு ‘நேரடிப் பெட்டி’யும் சேர்ந்தால், ‘நேரடி நிகழ்ச்சியில் நேரடிப் பெட்டியை நேரடியாக மிக்ஸருடன் இணைக்கவும்’ என்று ஒரு வாக்கியம் வரும். வரும் என்ன, அந்தக் குறிப்பின் ஆறாம் பக்கத்தில் வந்தேவிட்டது.

பெட்டி என்ற சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. கச்சேரி மேடையில் பெட்டி என்றால் சுருதிப்பெட்டி. நாடக மேடையில் பெட்டி என்றால் ஆர்மோனியம். மேண்டலின் ஸ்ரீநிவாஸ் 1980களில் மின் மேண்டலினைக் கர்நாடக மேடைகளில் நிலைநிறுத்திவிட்டார்; இன்று வீணையும் வயலினும் பிக்கப்போடுதான் பல மேடைகளில் ஏறுகின்றன. அந்த மேடையில் நின்று ‘பெட்டியைக் கொண்டா’ என்று குரல் கொடுத்துப் பாருங்கள், சுருதிப்பெட்டிதான் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பெரியவர் ‘மின்னிசைக்கருவி நேரிணைப்புப் பெட்டகம்’ என்று எழுதிக் கொடுத்தார். பெட்டகம் என்றால் நகையும் பத்திரமும் வைக்கிற பெரிய பெட்டி. அரைக் கிலோ இரும்பு டப்பாவுக்கு இது அடுக்காது. சொல் நீண்டால் தமிழ் ஓங்கிவிடும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

‘உட்செலுத்து’ என்பதற்கு வாதாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனத்தில் எரிபொருள் உட்செலுத்தல் என்று சொல்கிறோம். அங்கே பொருந்துகிறது, ஏனென்றால் அழுத்தம் கொடுத்து ஒரு திரவத்தைப் பீய்ச்சுகிறார்கள். டி.ஐ. எதையும் பீய்ச்சுவதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வகை சமிக்ஞையின் அளவைக் குறைத்தே அனுப்புகிறது. பன்னிரண்டுக்கு ஒன்று என்றால் மின்னழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். செலுத்துவது என்ற சொல்லுக்கு நேர் எதிரான வேலை.

‘சமனாக்கி’ என்றும் ஒருவர் சொன்னார், சமிக்ஞை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும் பேலன்ஸ்டு கேபிளை மனத்தில் வைத்து. உயர்ந்த, தாழ்ந்த சுரங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசருக்குச் சமனாக்கி என்று ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். சமனாக்கியைத் திருப்பு என்றால் பையன் எந்தக் குமிழைத் திருப்புவான்?

இலக்கண வகுப்பில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்போம். டைரக்ட் பாக்ஸ் ஒரு காலத்தில் காரணப்பெயர். ஆம்ப் முன்னால் மைக் வைப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அந்தக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. இன்று கீபோர்டு, லேப்டாப், வீணை எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகின்றன. அவற்றுக்கு ஆம்பும் இல்லை, விட்டுப்போவதற்கு மைக்கும் இல்லை. காரணம் உதிர்ந்து பெயர் இடுகுறியாகிவிட்டது. இடுகுறியைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது வீண் வேலை. ஒன்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது தமிழில் புதிதாகக் காரணம் தேடவேண்டும்.

தேடினால் காரணம் கையிலேயே இருக்கிறது. இந்தப் பெட்டி, ஒத்துப்போகாத இரண்டு கருவிகளை ஒத்துப்போகச் செய்கிறது. இணங்குவது தன்வினை, இணக்குவது பிறவினை. ஆகவே ‘இணக்கி’. கணினித் தமிழில் இரண்டு மென்பொருள்கள் ஒத்துப்போவதை இணக்கம் என்று ஏற்கெனவே சொல்கிறோம், அதனால் காதுக்கும் புதிதில்லை. இணைப்பி என்று சொல்லாதீர்கள். அது கேபிளின் நுனியில் இருக்கும் கனெக்டர். இணக்குவது என்றால் சண்டைக்காரர்களைச் சமாதானப்படுத்துவதல்லவா என்று கேட்பீர்கள். ஆம், அதையேதான் இதுவும் செய்கிறது. இரண்டு பேரையும் ஒரே மாதிரி ஆக்குவதில்லை. அவரவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைக்கிறது. இணக்கி பிடிக்காதவர்கள் டி.ஐ. என்றே தமிழெழுத்தில் எழுதட்டும், எனக்குக் குறையில்லை. பஸ்ஸையும் டிக்கெட்டையும் தாங்கிய மொழி இரண்டெழுத்தைத் தாங்கும். ஊசியைத்தான் தாங்காது.

அந்தக் குறிப்பில் இதைவிடப் பெரிய கொடுமைகள் உண்டு. மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரத்துக்கு ஆங்கிலத்தில் ஃபேன்டம் என்று பெயர். தனி வயர் தெரியாமல் வருவதால் விளையாட்டாக வைத்தது. இவர் ‘பேய் மின்சாரம்’ என்கிறார். அளவைக் குறைக்கும் பேட் சுவிட்ச் ‘மெத்தை’ ஆகியிருக்கிறது. கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சுக்கு ‘தரைத்தூக்கி’.

முதலிரண்டும் சிரித்துவிட்டுப் போகலாம். மூன்றாவதைப் போகவிடக் கூடாது. ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால் இரண்டுக்கும் நடுவே கேபிளின் உறை வழியாக மின்னோட்டம் சுற்றி உறுமும். அந்த சுவிட்ச், டி.ஐ.யிலிருந்து மிக்ஸருக்குப் போகும் கேபிளின் உறை இணைப்பை மட்டும் துண்டிக்கும், உறுமல் நிற்கும். இதைத் ‘தரைத்தூக்கி’ என்றால் ஒருவருக்கும் புரியாது. வெறுமே ‘எர்த் துண்டிப்பு’ என்றாலோ, புதிதாக வந்த பையன் ஆம்ப் பிளக்கின் மூன்றாம் முள்ளைப் பிடுங்கிவிட்டு உறுமல் போய்விட்டது என்பான். அப்புறம் பாடகர் ஒரு கையில் கிதாரும் மறுகையில் மைக்கும் பிடிக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ‘கேபிள் உறை துண்டிப்பு’ என்று திருத்தி, ‘மின்பிளக்கின் எர்த்தைத் தொடாதே’ என்று கீழே ஒரு வரி சேர்த்தேன்.

எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கு வரும் மைக்செட்காரரிடம் நான்கு டி.ஐ. இருக்கின்றன. இந்த வருடம் அனுமதி கேட்டு நான்கின் தலையிலும் வெள்ளை டேப் ஒட்டி ‘இணக்கி’ என்று எழுதினேன். மூன்றாம் நாள் போனபோது வியர்வையிலும் கற்பூரப் புகையிலும் இரண்டு டேப்புகள் உரிந்து கிடந்தன. மூன்றாவதில் என் எழுத்துக்குக் கீழே மார்க்கரால் ‘பேஸ்’ என்று எழுதியிருந்தார். நான்காவதைக் காணோம், கேட்டதற்கு, “இணக்கியா சார்? கீபோர்டுக்குப் போட்டிருக்கிறேன்” என்றார்.