கொடுவாக் குஞ்சுக்குத் தடுப்பூசி எப்போது போடுவது?

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி பொழிமுகத்தில், பழையாறு கடலோடு கலக்கும் உவர்நீர் கொடுவா மீனுக்கு ஏற்ற இடம். அதே கொடுவாவை இன்று குளத்திலும் கடல் கூண்டிலும் வளர்க்கிறார்கள். சென்னையில் இருக்கும் மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா, 1997-இல் பொரிப்பகத்திலேயே இதன் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டியது. ஆனால் பொரிப்பகக் குஞ்சுகளைக் குறிவைக்கும் ஒரு வைரஸ் இருக்கிறது. பெயர் நோடா.

இது பிடித்த குஞ்சு இரை எடுக்காது, உடல் கறுக்கும், சாய்ந்து சுருள் சுருளாகச் சுற்றும். அதன் மூளையையும் விழித்திரையையும் நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சில நாட்களில் ஒரு தொட்டியில் பத்தில் ஒன்பது குஞ்சுகள் செத்துவிடலாம். ஆன்டிபயாடிக் கொட்டுவது வீண். அது பாக்டீரியாவுக்கான மருந்து.

நோடாவின் குறுக்களவு 25 முதல் 30 நானோமீட்டர். உள்ளே அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. இரண்டே துண்டுகள். வெளியே ஒரே வகைப் புரதத்தின் 180 பிரதிகள் சேர்ந்த கூடு. மீனின் நோயெதிர்ப்புச் செல்கள் அடையாளம் காண்பது இந்தக் கூட்டைத்தான். எனவே கூட்டுப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் எடுத்து இ.கோலை பாக்டீரியாவுக்குள் வைக்கிறார்கள். பாக்டீரியா அந்தப் புரதத்தைத் தயாரித்துத் தள்ளும். தக்க சூழலில் புரதங்கள் தாமாகவே கூடாகச் சேர்ந்துகொள்ளும், பருப்பில்லாத வெறும் சிரட்டை மாதிரி. ஆர்.என்.ஏ. இல்லாததால் அது பெருகாது, நோய் தராது. மீனின் உடலில் வைரஸை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளை மட்டும் தூண்டும். சிபா உருவாக்கிய நோடாவாக்-ஆர், இப்படி மரபணு மாற்ற முறையில் தயாரான தடுப்பூசிதான்.

சரி, மீனுக்கு எப்படிப் போடுவது? ஊசிக்கு முந்தைய நாளே இரையை நிறுத்திவிட வேண்டும். அப்புறம் மயக்க மருந்து கலந்த நீரில் விட்டால் மீன் மெல்லச் சாயும். கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் இதற்கு உதவும். புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பிலும் இருப்பது இதே பொருள்தான். சாய்ந்த மீனின் வயிற்றறைக்குள் சிறு ஊசியால் மருந்தைச் செலுத்திவிட்டு, காற்றோட்டமுள்ள நல்ல நீரில் விட்டால் துடுப்பை அசைத்து நிமிர்ந்துவிடும்.

விரலளவு குஞ்சுக்கு இது சரிப்படும். ஆனால் நோடா அவ்வளவு நாள் பொறுக்காது. பெரும்பாலும் பொரித்து 3 வாரத்துக்குள்ளேயே தாக்கிவிடும். அப்போது குஞ்சு ஊசி தாங்காது. எதிர்ப்பொருள் உண்டாக்கும் உறுப்புகளும் முழுதாக முதிர்ந்திருக்காது. மருந்து கலந்த நீரில் முக்கியெடுக்கலாம், ஆனால் பாதுகாப்பு குறைவு. வாய்வழி கொடுத்தால் செரிமானத்தில் புரதம் சிதையும். அதனால்தான் ஆர்ட்டீமியா என்னும் உயிரிரைக்குள் மருந்தை ஏற்றி ஊட்டும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

என்னைக் கேட்டால், முதல் ஊசி தாய்மீனுக்குத்தான். நோடா முட்டை வழியாகவும் குஞ்சுக்குப் போகும். தடுப்பூசி போட்ட தாயின் எதிர்ப்பொருள் முட்டையிலும் சேரும். குஞ்சு சொந்தக் காலில் நிற்கும்வரை கொஞ்சமாவது காக்கும். ஆகவே குஞ்சு வாங்கும்போது விலையோடு இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்: தாய்மீனுக்கு நோடா இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை செய்தார்களா? அதற்குத் தடுப்பூசி போட்டார்களா?