அலைகளைத் தேடிப் போகுமுன்: சிங்கப்பூர் நீச்சல்காரர்களுக்கு ஓர் இயன்முறைச் சிகிச்சையாளரின் குறிப்புகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் முடிந்த கையோடு தோள்வலி, விலாவலி, கழுத்துப் பிடிப்பு என்று எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வருவோரில் சிலர், ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டுக்கோ பைரன் பேக்கோ போய் முதன்முறையாக அலைச்சறுக்கு (சர்ஃபிங்) கற்றுத் திரும்பியவர்கள். இவர்களில் பெரும்பாலோர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. விமானச்சீட்டு, தங்குமிடம், கேளிக்கைப் பூங்கா நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். போகும் மாதத்தில் கடல் எப்படி இருக்கும், எந்தக் கரை புதியவருக்கு ஏற்றது, தங்கள் தோளும் முதுகும் அதற்குத் தயாரா என்ற மூன்றை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர்க் கடல் இதற்கு ஒரு காரணம். சுமத்ராவும் மலாயத் தீபகற்பமும் ரியாவ் தீவுகளும் சுற்றி வளைத்திருப்பதால், பெருங்கடலில் பிறக்கும் நீண்ட அலைகள் சிங்கப்பூர்க் கரைக்கு வந்து சேர்வதில்லை. கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் செந்தோசாவிலும் கால் நனைத்து வளர்ந்த நமக்கு, முழங்கால் ஆழத்தில் நிற்பவரைக்கூடக் கடல் தள்ளிக்கொண்டு போகும் என்பது அனுபவத்தில் இல்லாத ஒன்று. 2010இல் தொடங்கிய ‘சுவிம்சேஃபர்’ திட்டம் நம் பிள்ளைகளுக்கு நீர்ப் பாதுகாப்பை நன்றாகவே கற்றுத் தருகிறது. ஆனாலும் பயிற்சி நடப்பது பெரும்பாலும் குளத்தில். குளத்து நீர் யாரையும் எங்கேயும் இழுத்துச் செல்வதில்லை.

கோல்டு கோஸ்ட் ஏறத்தாழ 28 டிகிரி தென் அட்சரேகையில், பசிபிக் பெருங்கடலைக் கிழக்கே நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் கடற்கரை. தெற்கே டாஸ்மன் கடலில் எழும் புயல்களின் அலைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து இங்கு வந்து உடைகின்றன. ஆகவே முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை வினாடி என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு வினாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலை உள்ளூர்க் காற்று கிளப்பியது. பதினான்கு வினாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலையோ தொலைதூரப் புயலின் ஆற்றலைச் சுமந்து வருவது. இரண்டும் எண்ணளவில் ஒன்றாக இருந்தாலும், பின்னது உடையும்போது புதியவரைக் குப்புறத் தள்ளிவிடும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் நமக்கு அதிக வாய்ப்பில்லை. பள்ளி விடுமுறைதான் அதைத் தீர்மானிக்கிறது. டிசம்பர் அங்கே கோடைக்காலம். நீர் இதமாக இருக்கும், அலைகள் பெரும்பாலும் சிறியவை, உயிர்காப்பாளர்களும் நிறையப் பேர் பணியில் இருப்பார்கள். ஆனால் ஆஸ்திரேலியப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை என்பதால் கரை நிரம்பி வழியும், பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று அலைகளைக் கலைத்துவிடும். ஜூன் அங்கே குளிர்காலத் தொடக்கம். காலை வேளைகளில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மேற்குக் காற்று அலைகளைச் சீராக நிறுத்திவைக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் நீரின் வெப்பநிலை 21, 22 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும்; நம் உடலுக்கு அது குளிர்தான், உடல்சூட்டைக் காக்கும் வெட்சூட் உடை அணியாமல் ஒரு மணி நேரம் தாங்காது. கோல்டு கோஸ்ட் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தன்னார்வ உயிர்காப்பாளர்கள் வார இறுதிகளில் பணியாற்றும் பருவம் செப்டம்பரிலிருந்து மே தொடக்கம் வரை என்பதால், ஜூனில் போகிறவர்கள் எந்தக் கரையில் ஆண்டு முழுவதும் காவல் உண்டு என்று பார்த்து அதற்கேற்பத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் ஒரு சொல்: பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூறாவளிகள் அனுப்பும் அலைகள் தேர்ந்தவர்களுக்கே உரியவை. 2025 மார்ச்சில் வந்த ஆல்ஃப்ரெட் சூறாவளி கோல்டு கோஸ்ட் கரைகளின் மணலையே பெருமளவில் அரித்துச் சென்றது.

காணொளிகளில் பார்த்து எல்லாரும் ஆசைப்படுவது கோல்டு கோஸ்ட்டின் ஸ்னாப்பர் ராக்ஸ். 2001 முதல் டுவீட் ஆற்று முகத்துவார மணலைக் குழாய்வழி வடக்கே இறைத்துக் கொட்டியதில் உருவான ‘சூப்பர்பேங்க்’ மணல்திட்டின் மேல் உடையும் அந்த நீண்ட அலை, உலகின் தலைசிறந்த வீரர்கள் போட்டியிடும் இடம். முதல் வாரக் கற்றுக்குட்டிக்கு அங்கே வேலையில்லை. வடக்கு நோக்கி வளைந்திருக்கும் விரிகுடாக்களையே புதியவர்கள் நாட வேண்டும். தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றித் திரும்பும்போது வலுவிழந்துவிடும் என்பதுதான் காரணம். கோல்டு கோஸ்ட்டில் கிரீன்மவுண்ட், வடக்கே நூசாவின் முதன்மைக் கடற்கரை, பைரன் பேயில் கிளார்க்ஸ் பீச் ஆகியவை இந்த வகை. இடையில் ஒரு சிறு எச்சரிக்கை: குவீன்ஸ்லாந்தில் தங்கி, பைரன் பே இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் வகுப்புக்குப் பதிந்திருந்தால், அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை இரு மாநிலங்களுக்கும் இடையே ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு. அதை மறந்து போய்ச் சேர்ந்து, முடிந்துபோன வகுப்புக்குக் கட்டணம் செலுத்தியவர்கள் பலர்.

கரையில் இறங்கியதும் முதலில் தேட வேண்டியவை கொடிகள். சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி நீந்துவோருக்கானது, அங்கே சறுக்குப் பலகைக்கு இடமில்லை. பலகையோடு இறங்கும் பகுதியின் எல்லையைக் கறுப்பு-வெள்ளைக் கொடி காட்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுறாக்களையும் வெள்ளத்தையும் சூறாவளியையும்விட அதிக உயிர்களைப் பறிப்பது ‘ரிப்’ எனப்படும் இழுவை நீரோட்டம். மணல்திட்டுகளின் மேல் உடைந்து கரைக்கு வந்த நீர், திட்டுகளுக்கு இடையிலான பள்ளத்தின் வழியே கடலுக்குத் திரும்பும் பாதை அது. அலைகள் வெண்ணுரையோடு உடையும் இரு பகுதிகளுக்கு நடுவே, சற்று கருத்த நிறத்தில், அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியைப் பார்த்து, பிள்ளைகள் விளையாட இதுதான் தோதான இடம் என்று நம் குடும்பங்கள் நேராக அங்கேதான் போய் நிற்கின்றன. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் சீக்கிரம் களைத்துப் போவார். பலகை இருந்தால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். வலு இருந்தால் கரைக்கு இணையாக, அலைகள் உடையும் பக்கம் கைகளால் துடுப்பிட வேண்டும்.

இனி, என் தொழிலுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு வந்த ஓர் இளைஞர், தோளை அசைக்க முடியாத நிலையிலும் குறைப்பட்டுக்கொண்டார்: “செங்காங் குளத்துல நிக்காம நாற்பது சுத்து நீந்துவேன், மேடம். ரெண்டு நாள் கிளாஸ்ல எப்படி இப்படி ஆச்சு?” அவரைச் சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சைச் சற்றே தூக்கி, கைகளை மாறி மாறித் துடுப்புப் போல் இழுக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் நெஞ்சு கட்டிலில் படிந்தது, கழுத்து முன்னே நீண்டது, தோள்கள் காதருகே ஏறின. நீரில் ஒரு சறுக்காளர் செலவிடும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, இப்படிப் படுத்துத் துடுப்பிடுவதிலேயே போகிறது. எழுந்து நின்று அலையில் வழுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீந்தும்போது உடல் உருண்டு தோளுக்கு வழிவிடும். பலகையின் மேல் அது முடியாது, பாரம் முழுவதையும் மேல்முதுகுதான் தாங்க வேண்டும். நாளெல்லாம் கணினி முன் குனிந்து உட்காரும் முதுகு அதற்குப் பழகியிருக்காது.

ஆகவே பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, வாரம் மூன்று நாள், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கி நிறுத்துதல், ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுத்தல், தண்டால் நிலையிலிருந்து ஒரே தாவலில் குத்துக்காலிட்டு எழுதல் ஆகியவற்றைத் தொடங்கச் சொல்கிறேன். ஜிம் தேவையில்லை; வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் ஒரு பாய் விரிக்க இடமிருந்தால் போதும். ஏற்கெனவே தோளில் வலி உள்ளவர்கள் முதலில் அதைக் காட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அரிதானது என்றாலும் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. முதன்முறை அலைச்சறுக்கு வகுப்புக்குப் போன, முதுகில் எந்த அடியும் படாத, ஆரோக்கியமான இளையர்களுக்குத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கால்கள் செயலிழந்த ஒன்பது நிகழ்வுகளை 2004இல் ஹவாயி மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்குப் பின் வேறு நாடுகளிலும் இது காணப்பட்டுள்ளது. பலகையில் குப்புறப் படுத்து முதுகைப் பின்னுக்கு வளைத்தபடி நெடுநேரம் காத்திருக்கும்போது தண்டுவடத்துக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைபடுவதே காரணம் எனக் கருதப்படுகிறது. திடீர் முதுகுவலியில் தொடங்கி, சற்று நேரத்தில் கால்கள் மரத்துப்போய், சிறுநீர் கழிக்கவும் முடியாமல் போகலாம். எனவே அலைக்குக் காத்திருக்கும்போது பலகையின் மேல் எழுந்து உட்கார வேண்டும், விமானத்திலிருந்து இறங்கிய அன்றே நீண்ட வகுப்புக்குப் போகக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முதுகில் திடீரென வலித்தால், இன்னும் ஓர் அலை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காமல் அந்நொடியே கரையேற வேண்டும். கால் மரத்தால் 000 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; குளிர்ந்த காற்றில் சுடுவது தெரியாது என்பதால் கறுத்த தோல்காரர்களும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் இன்றி இறங்க வேண்டாம். கோடையில் வடகிழக்குக் காற்று ‘புளூபாட்டில்’ என்ற நீலநிற இழுது உயிரிகளைக் கரையொதுக்கும். கொட்டிவிட்டால் இழைகளை அகற்றிக் கடல்நீரில் கழுவி, தோல் பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரி அளவிலான வெந்நீரில், இருபது நிமிடம் வைக்க வேண்டும். இதற்கு வினிகர் ஊற்றக்கூடாது.

செலவைப் பொறுத்தவரை, நம் நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்தாது. குவீன்ஸ்லாந்தில் அவசர மருத்துவ வாகனம் அம்மாநில மக்களுக்குத்தான் இலவசம். நமக்கு ரசீது வரும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது விளையாட்டுகள் பற்றிய பிரிவில் அலைச்சறுக்கு சேர்க்கப்பட்டுள்ளதா, பயிற்றுநரோடு சறுக்கினால் மட்டுமா என்பதை வாசித்துப் பார்த்து, தெளிவில்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் ஒருவர் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால், சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குச் செயலியில் எளிதாகக் கிடைக்கும் மின்னணு அனுமதி அவருக்குக் கிடையாது. அவருடைய வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க, பயிற்சியைத் தொடங்கும் அதே வாரம் பொருத்தமாக இருக்கும்.