சோயா மெழுகுவத்தியும் புகைதான் விடும்

இரவெல்லாம் இருமல், விடியற்காலையில் இளைப்பு என்று ஓபிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டுக்குள் என்ன எரிகிறது என்பதைத்தான். கொசுவத்தி? "அதெல்லாம் நிறுத்தியாச்சு டாக்டர்." சாம்பிராணி? "வெள்ளிக்கிழமை மட்டும்." மெழுகுவத்தி? இங்கேதான் முகம் மலர்கிறது. "ஆமா டாக்டர், ஆனா அது சோயா. கெமிக்கல் எதுவும் கிடையாது."

நுரையீரல் மருத்துவர்களுக்கு இந்தப் பதில் இப்போது பழகிப்போய்விட்டது. அண்மையில் ஒரு பெண் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா; ஒழுங்காக இன்ஹேலர் எடுப்பவர்; சில ஆண்டுகளாக நன்றாகக் கட்டுக்குள் இருந்தது. திடீரென்று மூச்சு இரைப்பு கூடி, நெபுலைசர் வைத்தும் அடங்காமல், ஸ்டீராய்டு மாத்திரை வரை போக வேண்டியதாயிற்று. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. ஏசி போட்ட படுக்கையறை, கதவு ஜன்னல் எல்லாம் அடைப்பு, தலைமாட்டில் லாவண்டர் மெழுகுவத்தி, தூக்கம் வரும்வரை தினமும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கடையில வாங்குனா கெடுதல்னுதான் டாக்டர் நானே வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டுச் செஞ்சு குடுத்தேன்."

அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேலும், 'நச்சற்றது', 'காற்றைச் சுத்தம் செய்யும்' என்று டப்பாவின் மேல் அச்சடிக்கிறவர்கள் மேலும் நிறையவே இருக்கிறது.

பாட்டி வீட்டில் கண்மை செய்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி, பருத்தித் திரி போட்டு ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டின் அடியில் கறுகறுவென்று படிந்திருக்கும். அதை வழித்து எண்ணெயில் குழைத்தால் மை. அந்த எண்ணெய் ஆமணக்கு விதையை ஆட்டியது. திரி தோட்டத்துப் பருத்தி. கலப்படம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவ்வளவு கரி வந்தது. தட்டு இல்லையென்றால் அந்தக் கரி எங்கே போயிருக்கும்? சுவருக்கும் கூரைக்கும், மிச்சம் நம் மூக்குக்கும்.

சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய சோயா எண்ணெய். தேன்மெழுகு தேனீயின் உடம்பில் சுரப்பது. பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது. பிறந்த இடம் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் பெரும்பகுதி கார்பனும் ஹைட்ரஜனும்தான். சுடருக்குக் காற்று போதுமான அளவு கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் ஆகும். திரி நீளமாகி மெழுகு அதிகமாக ஏறினாலோ, மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடினாலோ, பாதி எரிந்தும் எரியாததுமாகக் கரித்துகள் வெளியேறும். எந்த மெழுகானாலும் இதுதான் நடக்கும். அந்தத் துகள் மூச்சுக்குழாயில் என்ன செய்யும் என்று ஆஸ்துமாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"அப்போ பாரஃபின்தான் விஷம்னு சொல்றாங்களே?" என்று கேட்பார்கள். 2009-இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாரஃபின் மெழுகுவத்தியிலிருந்து டொலுயீன் போன்ற வேதிப்பொருட்கள் வருவதாக அறிவித்தார்கள். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. அதற்கு முன்பு 2007-இல் மெழுகுவத்தித் தயாரிப்பாளர் சங்கங்களே பணம் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு, எல்லா மெழுகும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரிகிறது என்றது. யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மறக்காமல்தான் அதைப் படிக்க வேண்டும். நான் நோயாளிகளிடம் சொல்வது இதுதான்: பாரஃபினை விட்டு நல்ல தேன்மெழுகுக்கு மாறுவது நல்லதே, மாறுங்கள். ஆனால் மாறிவிட்டோம் என்ற தைரியத்தில் அடைத்த அறையில் மூன்றை ஏற்றி வைக்காதீர்கள்.

இன்னொரு கதையும் சுற்றுகிறது. தேன்மெழுகு எரியும்போது எதிர்மின் அயனிகள் வெளிவந்து அறையின் தூசியையும் ஒவ்வாமைப் பொருட்களையும் இழுத்துக்கொள்ளுமாம். இதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை. எரிகிற ஒரு பொருள் அறையிலுள்ள ஆக்சிஜனைத் தின்று, துகளையும் வாயுவையும் வெளியே விடுகிறது. அதைக் காற்றுச் சுத்திகரிப்பான் என்று விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் அறையில் இதை நம்பி ஏற்றி வைத்த பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசனைக்கு வருவோம். பல சமயங்களில் மெழுகைவிடப் பெரிய குற்றவாளி இதுதான். வாசனை மெழுகுவத்தியில் 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெய் சேர்ப்பது வழக்கம். 200 கிராம் ஜாடியில் 12 முதல் 20 கிராம். செயற்கை வாசனை என்றால் அதில் என்னென்ன இருக்கிறது என்று லேபிளில் பெரும்பாலும் இருக்காது. சரி, செடியிலிருந்து எடுத்த எசன்ஷியல் ஆயில் என்றால்? எலுமிச்சை, ஆரஞ்சு தைலங்களில் உள்ள லிமோனீன், லாவண்டரில் உள்ள லினலூல், இரண்டும் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து ஃபார்மால்டிஹைடையும் மிக நுண்ணிய துகள்களையும் உண்டாக்குபவை. ஃபார்மால்டிஹைடை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் புற்றுநோய் வரும் என்று இதைப் படித்துவிட்டு யாரும் அலறியடித்து வர வேண்டாம். அளவு மிகக் குறைவு. ஆனால் இளைப்பு வருவதற்கு அவ்வளவு கூடத் தேவையில்லை. மல்லிகைப் பூ வாசனைக்கே மூச்சு முட்டுகிற நோயாளிகள் என்னிடம் இருக்கிறார்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யூகலிப்டஸ், கற்பூரம், புதினா தைலம் கலந்த மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். சளிக்கு நல்லது என்று பாட்டிமார் சொன்னாலும் வேண்டாம். யூகலிப்டஸும் கற்பூரமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்பதை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடுகளில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர்வித்துத் திருப்பித் தருகிறது. பிஎம் 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பே 60. வெளியே ஏற்கெனவே இந்த லட்சணம். உள்ளேயும் நாமே துகளை உண்டாக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, எட்டு மணி நேரம் அதையே இழுத்துவிட வேண்டுமா?

சரி, எப்படித்தான் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு. வாசனை இல்லாதது, சாயம் இல்லாதது, சின்னது, பருத்தித் திரி. இவ்வளவு போதும். 'சோயா பிளெண்ட்' என்று போட்டிருந்தால் அதில் பாரஃபின் இருக்கலாம். எவ்வளவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தேன்மெழுகு என்றால் நீலகிரியிலும் மார்த்தாண்டம் பக்கமும் தேன் எடுப்பவர்களிடமே கிடைக்கிறது. விலை அதிகம்தான். அதனாலேயே பாரஃபின் கலப்பதும் நடக்கிறது. நல்ல தேன்மெழுகில் எதுவும் சேர்க்காமலே லேசாகத் தேன் மணக்கும். நாள்பட்டால் மேலே வெண்மையாகப் பூத்தாற்போல் படியும், துடைத்தால் போய்விடும். அது பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரியின் நடுவே உலோகக் கம்பி தெரிந்தால் வாங்காதீர்கள். முன்பு ஈயக் கம்பி வைத்தார்கள். அமெரிக்கா அதை 2003-இல் தடை செய்தது. இப்போது வேறு உலோகங்களை வைக்கிறார்கள். உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடித்துக்கொண்டிருப்பதைவிடக் கம்பியே இல்லாததை வாங்குவது சுலபம்.

வீட்டில் செய்வதானால் தாராளமாகச் செய்யுங்கள். என் வீட்டில் செய்வது தேன்மெழுகு நான்கு பங்கு, வண்டல் இல்லாத தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும். அதை மட்டும் ஊற்றினால் கெட்டியாகி, திரியைச் சுற்றிக் குழி விழுந்து, ஓரமெல்லாம் எரியாமல் நிற்கும். எண்ணெய் அதைக் கொஞ்சம் இளக்குகிறது. அதற்காக எண்ணெயைக் கூட்டிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடும். நம் ஊர் வெயிலில் மெழுகுவத்தி கிண்ணத்திலேயே கொழகொழவென்று ஆகிவிடும்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கித்தான் உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது. தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் மெழுகும் தாண்டாது. நேரடித் தீயில் மெழுகு சத்தமில்லாமல் சூடேறிக்கொண்டே போகும், தண்ணீர்போல் கொதித்து எச்சரிக்காது, ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். உருகியதும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, திரியை ஒருமுறை மெழுகில் முக்கி நேராக இழுத்துக் காயவிட்டு, ஈரமில்லாத எவர்சில்வர் கிண்ணத்திலோ கனமான கண்ணாடி ஜாடியிலோ ஊற்றுங்கள். கொட்டாங்குச்சி மெழுகுவத்தி பார்க்க அழகு, ஆனால் மெழுகு தீர்ந்ததும் ஓடே எரியும். மேலே காய்ந்த ரோஜா இதழ், பட்டை, காபிக்கொட்டை பதிப்பதும் அதேபோல்தான். ஒவ்வொன்றும் இன்னொரு திரியாகிவிடும். நிறத்துக்குக் கிரேயான் உருக்கிப் போடாதீர்கள், திரி அடைத்துப் புகையும்.

திரியின் பருமனைப் புத்தகம் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட முடியாது. செய்ததை முதலில் மாடியிலோ வராந்தாவிலோ, காற்று வீசாத ஒரு வேளையில் ஏற்றி, சுடருக்கு ஒரு சாண் மேலே எவர்சில்வர் தட்டைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள். தட்டு கறுத்தால் திரி தடிமனாகவோ நீளமாகவோ இருக்கிறது. திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் கறுத்தால் மெல்லிய திரியாக மாற்றுங்கள். கடையில் வாங்கியதற்கும் இதே சோதனைதான். ஜாடியின் விளிம்பு கறுத்திருந்தால் தட்டுகூட வேண்டாம், அதுவே பதில்.

ஏற்றும்போது மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் போதும். அணைக்கும்போது வாயால் ஊதாதீர்கள். ஊதியதும் எழும் வெள்ளைப் புகை முழுக்க எரியாத மெழுகு. மூடி போட்டு அணையுங்கள், அல்லது திரியை உருகிய மெழுகில் அழுத்தி எடுங்கள். அப்புறம் ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள். கரண்ட் போனால் எமர்ஜென்சி விளக்கைத் தேடுங்கள், மெழுகுவத்தியைத் தேடாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில், கொசுவலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

உருக்கும்போது தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தயவுசெய்து. தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை முகத்தில் அடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியால் மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள். தீக்காயப் பிரிவிலிருந்து என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவது மூச்சுப்பாதையும் வெந்திருக்கும்போதுதான். அந்த அழைப்பு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு கத்துகிறேன். கையில் மெழுகு கொட்டினால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், ஒட்டியிருக்கும் மெழுகைப் பிய்க்கவும் வேண்டாம்.

கார்த்திகைக்கு விளக்கு ஏற்றலாமா என்று அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏற்றுங்கள் அம்மா. வாசலில், மாடிச் சுவரில், மாடத்தில், எத்தனை வேண்டுமானாலும். புகை போக வானம் இருக்கிறது. பூஜையறையிலோ ஜெப அறையிலோ ஒரு விளக்கு, கதவைத் திறந்து வைத்து, அதுவும் போதும். ஆஸ்துமாவோ சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கும் வீட்டில் படுக்கையறைக்குள் மட்டும் எதுவும் எரிய வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பரவாயில்லை. மெழுகுவத்தியை எடுத்துவிட்டார்கள், இரவு இருமல் குறைந்திருக்கிறது. கூடவே "இன்ஹேலரையும் நிறுத்திட்டேன் டாக்டர், அதான் காரணம் தெரிஞ்சுபோச்சே" என்றார். அதை மட்டும் செய்யாதீர்கள். இன்ஹேலரை எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மூச்சுப் பரிசோதனையைப் பார்த்து நாங்கள் சொல்கிறோம்.