அடைப்பு நீங்கிய பிறகும் கை ஏன் உடனே அசைவதில்லை?

பக்கவாதத்துக்கான அவசர சிகிச்சை முடிந்து, ரத்தக்குழாய்க்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபை விட்டு வெளியே வந்ததும் உறவினர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அடைப்பை எடுத்துட்டீங்களே டாக்டர், அப்பாவுக்கு இன்னும் ஏன் கை வரல?"

மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டதும் அதை நம்பியிருக்கும் பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் இறந்துவிடுவதில்லை. நடுப்பகுதி சில நிமிடங்களிலேயே அழியத் தொடங்கும். அதைச் சுற்றியுள்ள திசுவோ, பக்கத்துக் கிளைக்குழாய்கள் வழியாக வந்துசேரும் சிறிதளவு ரத்தத்தால் உயிரைப் பிடித்துக்கொண்டு, செயலிழந்து கிடக்கும். நாங்கள் காப்பாற்ற முயல்வது இந்தச் சுற்றுப்பகுதியைத்தான். நேரம் போகப்போக அதுவும் அழிந்துவிடும் என்பதால்தான், குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேர வரம்பு வைத்திருக்கிறோம். மீட்கத்தக்க திசு இன்னும் மிஞ்சியிருப்பது ஸ்கேனில் தெரிந்தால், குழாய் செலுத்திக் கட்டியை அகற்றும் சிகிச்சை 24 மணி நேரம் வரைகூடச் சிலருக்குப் பயன் தரும் என்பது 2018இல் வெளியான ஆய்வுகளால் உறுதியானது.

ஆனால் பெரிய குழாய் திறந்துவிட்டது என்பதாலேயே செல்களுக்கு ரத்தம் சேர்ந்துவிட்டது என்று கொள்ள முடியாது. மதகைத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஆண்டுகளைப் போல, நுண்குழாய்களின் சுவர் வீங்கியோ கட்டியின் துணுக்குகள் சிக்கியோ இருந்தால், படத்தில் குழாய் தெளிவாகத் தெரிந்தாலும் திசு பட்டினியாகவே கிடக்கும். திரும்பி வரும் ரத்தத்தாலும் ஆபத்து உண்டு. நலிந்துபோன குழாய்ச் சுவர் வழியாக நீர் கசிந்து மூளை வீங்கலாம், ரத்தமே கசியவும் கூடும். ஆகவே முதல் 24 மணி நேரம் ரத்த அழுத்தத்தை 180/105க்கு மேல் போகவிடாமல் காக்கிறோம். பி.பி. 150 இருக்கும்போது மாத்திரை தரவில்லையே என்று சிலர் பதறுவார்கள். கட்டியை அகற்றிய பிறகு மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே இறக்கியவர்களின் மீட்சி மோசமாக இருந்ததைச் சீனாவில் நடந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருப்பதால், நாங்கள் வேண்டுமென்றேதான் அப்படி விட்டுவைக்கிறோம்.

ரத்தம் முறையாகத் திரும்பிய திசுவும் உடனே வேலைக்கு வந்துவிடுவதில்லை. சிலருக்குச் சிகிச்சை மேசையிலேயே விரல் அசையும். சிலருக்கு நாட்களும் வாரங்களும் ஆகும். மறுநாள் கை, கால், பேச்சு எந்த அளவுக்குத் திரும்பியிருக்கின்றன என்பதை, குழாய் திறந்த படத்தைவிட நம்பகமான அறிகுறியாக நான் கருதுகிறேன். அழிந்துபோன நடுப்பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் பழகிக்கொள்வது முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கும். அதற்கு இயன்முறைப் பயிற்சி தவறாமல் வேண்டும். ஆனால் முதல் நாளிலேயே அடிக்கடி எழுப்பி நீண்ட நேரம் நடக்க வைப்பது மீட்சியைக் குறைக்கிறது என்று 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டதால், அன்றைக்கு மட்டும் நோயாளியைப் படுக்கையில் இருக்கவிடச் சொல்கிறோம். சிறிது நேரம் உட்கார வைப்பதுகூட நிலைமையைப் பார்த்துத்தான்.