கலங்கல் நீரில் மீசை தேடும் இரை

கெளுத்திக்கு எந்த இரை ஏற்றது, எந்த இடத்தில் தூண்டில் போடுவது என்பவற்றை வெவ்வேறு கேள்விகளாகவே பலரும் கேட்பர். அந்த மீன் இரையை அறியும் விதத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் விடை ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது.

மழைக்காலத்தில் இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து வடியும் மண்கலங்கல் ஓயாக்கள் எனப்படும் சிற்றாறுகளில் சேர்ந்துவிட்டால், முழங்கை ஆழத்துக்குக் கீழே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கெளுத்திக்கும் அதன் உறவு மீனான சுங்கானுக்கும் அதனால் பெரிய குறையில்லை. வாயைச் சுற்றியுள்ள நான்கு சோடி மீசைகள் அவற்றின் சுவைப் புலன்கள். நம் வாயில் சில ஆயிரமாக இருக்கும் சுவை மொட்டுகள், நன்கு ஆராயப்பட்ட வட அமெரிக்கக் கெளுத்தியின் உடலெங்கும் ஓர் இலட்சத்துக்கும் மேலாகப் பரவியிருக்கின்றன. 1967-இல் வெளியான ஓர் ஆய்வில், மோப்பப் புலன் நீக்கப்பட்ட கெளுத்திகளும் சுவையை மட்டும் கொண்டு இரையைத் தேடி அடைந்தன. ஒரு பக்க மீசைகள் அகற்றப்பட்டவையோ எஞ்சிய பக்கமாகவே வட்டமிட்டன. இரு பக்கத்துச் சுவையையும் ஒப்பிட்டே அவை திசையறிகின்றன.

அவற்றைத் தூண்டுபவற்றுள் முதன்மையானவை புரதத்தின் அடிக்கூறுகளான, நீரில் கரையும் அமினோ அமிலங்கள், குறிப்பாக அலனைனும் ஆர்ஜினைனும். கொழுப்பு நீரில் கரையாது; ஆகவே எண்ணெய் பிசைந்த மாவுருண்டை நம் மூக்கை எவ்வளவு இழுத்தாலும் மீனுக்கு அனுப்பும் செய்தி குறைவு. மாட்டுப்பட்டி எருக்குவியலில் தோண்டிய மண்புழுவை இரண்டாகக் கிள்ளிக் கோத்தால், அறுபட்ட இடத்திலிருந்து உடற்சாறு கசிந்துகொண்டே இருக்கும். கோழி ஈரல் அதைவிட வேகமாகக் கசியும், ஆனால் முள்ளில் நிற்காது. தையல் நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். வெளுத்துப்போன ஈரலில் சாறு தீர்ந்துவிட்டது என்பதால், அது முழுதாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

கசியும் சாற்றைச் சுமப்பது நீரோட்டம். அந்தச் சாறு கீழ்நோக்கி ஒரு கோடாகவே இழுபடும் என்பதால், மரவேரின் அடியிலோ குடைந்த கரையிலோ மீன் பதுங்கியிருக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஈயக்கட்டியால் அடித்தரையில் இரையை நிறுத்த வேண்டும். வேகநீர் கசத்தில், அதாவது ஆழமான மடுவில், விழுந்து தணியும் விளிம்பும், ஓயா வந்து நீர்த்தேக்கத்தில் கலக்கும் வாயும் இதனால்தான் நல்ல இடங்கள். நீர்மின்நிலையத்துக்குக் கீழே நிற்பவர்கள், நீர் திறந்துவிடப்பட்டால் ஆறு திடீரென உயரும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நுவரெலியா உயரத்துக் குளிரில் இந்த மீன்களை எதிர்பார்ப்பது வீண். ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் உள்ளவை வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள். கண்டியைச் சுற்றிய தாழ்வான பகுதிகளே பொருத்தமானவை.

கடைசிச் சில சென்டிமீற்றர்களில் இன்னொரு புலனும் உதவுகிறது. உயிருள்ள உடல் வெளியிடும் மெல்லிய மின்புலத்தைத் தோலிலுள்ள நுண்குழிகள் உணர்கின்றன. கண் மறைக்கப்பட்ட கெளுத்தி, அருகில் வரும் உலோகக் கோலுக்கு விலகியும் கண்ணாடிக் கோலைப் பொருட்படுத்தாமலும் இருந்ததை 1917-இலேயே கண்டறிந்தார்கள். நெளியும் புழுவுக்கு இதிலும் ஓர் அனுகூலம் உண்டு.

பிடித்த சுங்கானை வெறுங்கையால் பற்றக் கூடாது. மார்புச் செட்டைகளின் முட்களில் நஞ்சு இருக்கிறது. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்து, வலி தணிந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.